எல்லப் பள்ளத்தாக்கில் நான் காட்டிய வழி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இத்தாலியின் பலெர்மோவில் இருபத்திரண்டு வருடமாக என் எசமானி சின்யோராவின் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. அவர் பெற்ற மகனிடம் அது இல்லை. சமையல், துப்புரவு, பூனைக்கு ஊசி எல்லாம் நானே.

இலங்கையைப் பற்றியும் அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். எல்லப் பள்ளத்தாக்கு, ஒன்பது வளைவுப் பாலம், ராவணன் நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் என் வீட்டுக் கொல்லைப்புறம்போல விவரிப்பேன். பார்த்தது யூடியூப்பில். ஒருநாள் சின்யோரா இரண்டு விமானச் சீட்டுகளை மேசையில் வைத்தார். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமாம், வழிகாட்டி நானாம்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "வடக்கிலை பிறந்து வளந்தனீங்கள், வவுனியாவுக்கு அங்காலை கொழும்பு எயாப்போட்டைத் தவிர என்னத்தைக் கண்டனீங்கள்? பொய் எண்டு தெரிஞ்சால் மனுசி சாவியைப் பறிக்கும்."

"சும்மா இரும். பலெர்மோவிலை பெல்லெக்ரீனோ மலைக்கு நேத்திக்கடனுக்கு வெறுங்காலோடை ஏறிறவன் நான். எல்லா மலையும் ஒண்டுதான்."

எல்லவில் ரயிலால் இறங்கியதும் முச்சக்கரவண்டிக்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். நாலும் ராணுவச் சோதனைச் சாவடியில் படித்தவை. கம்பீரமாகக் கையை நீட்டி ஒரு பாதையைக் காட்டினேன். அது ஒரு கோழிக்கூட்டில் போய் முடிந்தது.

"இதுதான் நீர்வீழ்ச்சியோ?" என்றார் சின்யோரா.

வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுத்தமான இத்தாலிய மொழியில், "ஐயா எந்த நாடு?" என்று கேட்டார். நாப்போலியில் பதினொரு வருடம் சமையற்காரராக இருந்தவராம்.

சாவி பறந்துவிட்டது என்றே நினைத்தேன். "சின்யோரா, நானும் இண்டைக்குத்தான் இஞ்சை வாறன்," என்றேன்.

அவர் திரும்பி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரர் நீர்வீழ்ச்சியைக் காட்டினார், பிறகு ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கொண்டுபோனார். பாலத்தடியில் உட்கார்ந்த பிறகு சின்யோரா மெதுவாகச் சொன்னார்: "எட்னா எரிமலையிலை என்ரை கால் சப்பாத்து உருகினது எண்டு உனக்கு ஒரு கதை சொன்னனான்."

"ஓம். நான் அதைப் பலெர்மோத் தமிழருக்கெல்லாம் சொன்னனான். என்ரை சப்பாத்து எண்டு."

"நான் எட்னாவுக்கு ஒருநாளும் போகேல்லை."

சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் எட்னாவுக்குப் போகிறோம். வழிகாட்டி அவர். மனைவி இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.