அக்கா கொண்டுவந்த பெட்டி

அக்கா குவைத்துக்குப் போனபோது நான் ஓ/எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடங்கள் வீட்டு வேலை செய்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது நான் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியிலேயே ஆசிரியர். அவளோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. வேலை பார்த்த வீட்டில் புதிய பாட்டு செட் வாங்கியதால் பழையதை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். உள்ளே ஒரு டிவிடி பிளேயர், ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், கனமான கறுப்புப் பெட்டி ஒன்று. அதுதான் தாளத்தின் அதிர்வை மட்டும் தரும் சப்வூஃபர்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தது அப்பா வாங்கிய கேசட் ரேடியோ மட்டும். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் லயத்தில் ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்த பன்னிரண்டு காம்பிரா வீடுகளிலும் ஒரே நிலையம்தான் ஓடும். மலை ஊற்று விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் அக்கா, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு வரிகூட விடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடப்பாள். திரும்பி வரும்போது அடுத்த பாட்டு. குடம் தளும்பாமல் இருக்க மெதுவாக நடப்பதாகச் சொல்வாள். பாட்டுக்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வெளியே தூறல். சப்வூஃபருக்கும் பிளேயருக்கும் நடுவில் வயர் எதுவும் இல்லை. தொலைந்துபோயிருக்கும் என்று அம்மா வருத்தப்பட்டாள். வயர் இல்லாமலே வேலை செய்யும், கரண்ட் மட்டும் கொடுத்தால் போதும் என்று நான் விளக்கினேன். பிளக்கின் கால்கள் எங்கள் சுவரில் இருந்த துளைக்குப் பொருந்தாது என்று அக்கா சொல்லியிருந்ததால், முந்தின நாளே ஹட்டனுக்குப் பஸ் ஏறி இரண்டு அடாப்டர் வாங்கி வந்திருந்தேன்.

ஸ்பீக்கர்கள் பாடின. கறுப்புப் பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. அதன் முன்னால் ஒரு நீல விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினேன். பக்கத்துக் காம்பிரா மாமா கதவில் சாய்ந்து நின்று, வாத்தியாருக்கே புரியலையா என்று கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நீ கொஞ்சம் நவுரு."

தாலிக்கயிறு இல்லாத கழுத்தோரம், சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். சப்வூஃபரின் முதுகில் இருந்த சிறு துளைக்குள் அதை விட்டு அழுத்திப் பிடித்தாள். விளக்கு வேகவேகமாக மின்னியது. உடனே பிளேயரை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். விளக்கு நிலையாக நின்றது. தரை அதிர்ந்தது; மாமா வீட்டில் அலுமினியச் சட்டி மூடிகள் கிணுகிணுத்தன.

ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாதவள் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன். தினமும் அதை நகர்த்தித்தான் கூட்டித் துடைக்க வேண்டும், கரண்டைப் பிடுங்கினால் சில நாள் இப்படித் துண்டித்துக்கொள்ளும், திரும்பச் சேர்த்து வைப்பதும் அவள் வேலைதான் என்றாள். பிறகு பெட்டியின் மேல் கையை வைத்தபடி சொன்னாள்:

"என் ரூமு செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் இது இருந்துச்சு. பாட்டு கேக்காது, டும்டும்னு இது மட்டுந்தான் கேக்கும். அந்தத் தாளத்துக்கு நம்ம பாட்ட வச்சு மனசுக்குள்ள பாடிக்குவேன். சிலது பொருந்தும், சிலது பொருந்தாது."

ஒன்பது வருடமும் அக்கா அனுப்பிய கடிதங்களில் எல்லாரும் சுகமா என்பதைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. அந்த அறையைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டு எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பெட்டியை அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். இப்பதான் பாட்டும் சேந்து கேக்குதே."

மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். மத்தியானம்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏஜென்சிக்காரர் அக்கா மறுபடி குவைத்துக்குப் போவதற்கான தாள்களோடு வந்தார். வேண்டாமென்று சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இனி நான் போகலைங்க" என்று மட்டும் சொன்னாள்.