ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி

வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு முக்கியமான வேலையே, அதைச் சுடும்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான். பட்டாளத்திலிருந்து வந்து, திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையில் பதினெட்டு வருடம் அப்படி நின்றேன். தோட்டா ஒன்றுகூடச் செலவாகவில்லை, கால்வலிதான் மிச்சம். என்னைப் போல் வாசலில் நின்றவர்களுக்கும், வெளிநாட்டுப் பிள்ளையின் போனுக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பாடு புரியும்.

வாய்தா

என் மகன் அந்தோணி வளைகுடாவில் பயணிகள் விமானம் ஓட்டுகிறான். ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. மாதம் ஒரு போன் வரும், "சாப்டியாப்பா?" என்பதோடு முடிந்துவிடும். ஒரு ஞாயிறு, நான் பூசை முடிந்து விழுப்புரம் வீட்டுக்குத் திரும்பியதும் கூப்பிட்டான். கடத்தல்காரர்களைத் தடுக்க விமானிகளுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா என்று அவன் கம்பெனியில் பேச்சாம். அந்தத் துப்பாக்கி அதன் சொந்தக்காரன் விரல் பட்டால்தான் சுடுமாம். வேறு யார் பிடுங்கினாலும் சுடாதாம். "துப்பாக்கியோடயே இருக்கிற ஆளு நீ. இது வேலைக்கு ஆவுமா, சொல்லு" என்றான்.

ஆகாது என்பது வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் போனை வைத்துவிடுவானே! "யோசிச்சி அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றேன். மறுநாள் இதைக் கேட்ட எங்கள் பியூன் ஏழுமலை சொன்னார்: "பதிலைத் தெரிஞ்சிக்கினே வாய்தா வாங்குறீங்களே சார், நீங்க வக்கீலுக்குப் போயிருக்கணும்!"

ஈர விரல்

அடுத்த வாரத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. வேலைக்குப் போகும் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதெல்லாம் அதே யோசனை. வருகைப் பதிவுக்கு எங்கள் கிளையில் விரல் வைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. கேஷியர் விமலா மேடம், நோட்டு எண்ண நாள் முழுக்க ஈர ஸ்பாஞ்சில் விரல் நனைப்பவர். சாயங்காலம் அவர் விரல் வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. புடவையில் துடைத்தார், ஊதினார். ஆறாவது தடவைதான் ஏற்றது.

எனக்கோ பரம சந்தோஷம். பயத்தில் விமானியின் கை வியர்த்தாலும் இதே கதிதானே? அந்த ஞாயிறு இருபது நிமிஷம் பேசினோம். மெஷினோடு போராடிய அன்று விமலா மேடம் மட்டும் கொதித்துப்போயிருந்தார்: "தினம் ரெண்டு வேளை பாக்குற என் விரலே இதுக்குத் தெரிலயே சார்!"

மல்லாட்டைக் கட்டைவிரல்

கணக்குக்கு ஆதார் மெஷினில் ரேகை பதிய பிரம்மதேசத்திலிருந்து கோவிந்தசாமி என்ற விவசாயி வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்து உரித்து ரேகை தேய்ந்த விரல்கள். பத்தையும் மெஷின் தள்ளிவிட்டது. ஞாயிறன்று இதைச் சொன்னதும், "பைலட்டு எங்கப்பா மல்லாட்டை உரிக்கிறான்?" என்று அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், கோவிந்தசாமிதான் மெஷினிடம் நியாயம் கேட்டுவிட்டுப் போனார்: "நான் உசுரோட முன்னால நிக்கிறேன், என்னை இல்லன்னுதுங்களே!"

சங்கிலி

யாரும் பிடுங்காமலிருக்க, துப்பாக்கியைச் சங்கிலியால் இடுப்பு பெல்ட்டோடு பூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒருநாள் மேனேஜர் மயங்கி விழுந்தார். நான் ஓடினேன், சங்கிலி கிரில் கேட்டில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டேன். ஏழுமலைதான் ஓடிப்போய் அவரைத் தூக்கினார்.

கேட்டில் மாட்டி நிற்கும்போதுதான் உறைத்தது. அந்தோணி அடிபட்டு விழுந்து, பக்கத்துச் சீட்டு விமானி அவன் துப்பாக்கியை எடுத்தால்? அவர் விரலுக்கு அது சுடாதே! அதுவரை விளையாட்டாக இருந்தது எனக்குப் பயமாகிவிட்டது. மேனேஜரை உட்காரவைத்துவிட்டு வந்த ஏழுமலையிடம் சொன்னேன். சங்கிலியை விடுவித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பிடுங்க வர்றவனும் காப்பாத்த வர்றவனும் அதுக்கு ஒண்ணுதானுங்களே சார்."

பதில்

அந்த ஞாயிறு நான் இழுக்கவில்லை. "வேணாம்டா. ரெண்டு பேரு விரலையும் பதிஞ்சாக்கூட, அவசரத்துக்கு அதை நம்ப முடியாது. கதவை நல்லா பூட்டிக்கினு ஓட்டு, அது போதும்" என்றேன். இனி எதற்காகக் கூப்பிடுவான்?

அந்தோணி சொன்னான்: "அந்தப் பேச்சை மொத வாரமே விட்டுட்டாங்கப்பா. நீ பேசிக்கினே இருக்கணும்னுதான் நானும் கேட்டுக்கினே இருந்தேன்."

அப்பனும் மகனும் நாலு வார்த்தை பேசிக்கொள்ள, யாருமே வாங்காத ஒரு துப்பாக்கி தேவைப்பட்டிருக்கிறது, போங்கள்!