பொட்டு வைத்த ஈ.சி.ஜி. மெஷின்

சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு டூல் பை ஞாபகம் வரும்.

சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. திருவண்ணாமலையில் கிளினிக் கிளினிக்காகப் போய் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலை. விஜயதசமி காலை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. செங்கம் ரோட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோமிலிருந்து நர்ஸ் செல்வி போன் செய்தார்.

"அண்ணா, ஈ.சி.ஜி. எடுக்கவே வரல. கோடு மேல போய் ஒட்டிக்கிச்சு. பேஷண்ட் படுத்துனு இருக்காருங்க, உடனே வாங்க."

போனால், கட்டிலில் அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஷேர் ஆட்டோக்காரர். சட்டை முழுக்க வேர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "வெறும் கேஸுங்க... சோடா குடிச்சா சரியாப் பூடும்" என்றார். அவர் மனைவி என் டூல் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தார். "பெரியாஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு தம்பி. பேப்பர்ல கோட்டைக் காட்டினாத்தான் நம்புவாரு. சீக்கிரம்" என்றார்.

மெஷினைத் திறந்தேன்.

இதயத்திலிருந்து வரும் மின்சாரம் ரொம்பவே சின்னது. அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுவதுதான் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வேலை. வேண்டாத வோல்ட் ஒரு துளி நுழைந்தால் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும். கோடு பேப்பரை விட்டே ஓடிவிடும். அதுதான் ஆஃப்செட்.

கரண்ட் சப்ளை பார்த்தேன், சரியாக இருந்தது. ஆம்ப்ளிஃபயர் சில்லு, அந்த ஐ.சி., போய்விட்டதா? போயிருந்தால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும். சிக்னல் உள்ளே வரும் இரண்டு முனைகளையும் போர்டிலேயே ஒரு ஒயரால் இணைத்து ஷார்ட் செய்தேன். கோடு சமத்தாக நடுவில் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் மேல் தப்பில்லை. எதுவோ வெளியிலிருந்து வருகிறது. வேறு கேபிள் மாட்டினேன். கோடு மறுபடி மேலே!

பாக்கி இருந்தது கேபிள் சொருகும் சாக்கெட் மட்டும். குனிந்தேன்... கமகமவென்று சந்தனம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அங்கே கத்திரிக்கோல் முதல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"பன்னீர் ஊத்திக் குழைச்சேன் அண்ணா... மெஷினுக்கு மூஞ்சி மாதிரி அதான் தெரிஞ்சுது" என்றார் செல்வி, அழாத குறையாக.

அந்தப் பன்னீர்ச் சந்தனம் வழிந்து பின்களுக்கு நடுவே இறங்கி, மழை ஈரத்தில் காயாமல், குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். டேபிள் ஃபேன் முன்னால் காய வைத்தேன். பின்னால் ஆட்டோக்காரர் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோடு நடுவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம்ப முடியவில்லை. மெஷின் தப்பாகக் காட்டி, அவர் வீட்டுக்குப் போய்விட்டால்?

"மொதல்ல எனக்கு எடுங்க" என்று பக்கத்து பெஞ்சில் படுத்தேன்.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். "மெஷின் நல்லா இருக்கு தம்பி. உனக்குத்தான் பயம் ஜாஸ்தி."

அடுத்து அவருக்கு. டாக்டரம்மா அதில் கோடு கோணலாக இருந்த இடத்தைப் பேனாவால் சுழித்து, என் பேப்பரையும் அவர் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடமே காட்டினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார் மனிதர். "சரிங்க... போலாம்." ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்வரை வாசலிலேயே நின்றேன்.

பிழைத்துக்கொண்டார். இன்றும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பார்.

இப்போது வரும் மெஷின்கள் கில்லாடிகள். எந்த ஒயரில் கோளாறு என்று ஸ்கிரீனில் அவையே சொல்லிவிடுகின்றன. என்னை மாதிரி ஆள் உட்கார்ந்து துருவ வேண்டியதே இல்லை... அந்தப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நேற்று ஆயுத பூஜை. செல்வியிடமிருந்து வாட்ஸ்அப்பில் புது மெஷினின் போட்டோ. கீழே வருஷா வருஷம் வரும் அதே கேள்வி.

"அண்ணா, பொட்டு எங்க வைக்கட்டும்?"

கைப்பிடி மேல் ஒரு வட்டம் போட்டு அனுப்பினேன்.

இன்று காலை போன் எதுவும் வரவில்லை. இருந்தாலும் டூல் பையை வண்டியில் மாட்டிவிட்டுத்தான் காபி குடித்தேன்.