ஏழு பேருக்கு இருபத்தாறு போன்

யாருடைய போனை வைஃபையில் விடலாம், யாருடையதை விடக் கூடாது என்று கணக்கு வைப்பவனை ஆபீசில் ஒருவருக்கும் பிடிக்காது. அந்த வேலையில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அன்று எங்கள் பட்டுக் கம்பெனியில் இருந்தவர்கள்: முதலாளி, மேனேஜர், கணக்கர், டிசைன் வரையும் எஸ்தர், பேக்கிங்கில் இருவர், நான். ஆள் ஏழு. வைஃபையில் இருந்த கருவிகள் இருபத்தாறு!

வைஃபையில் புகுந்தவன் எஸ்தரின் கம்ப்யூட்டரிலிருந்து டிசைனை எடுத்துவிடலாம். போன முறை அவள் வரைந்த பார்டர், எங்கள் தறியிலிருந்து இறங்கும் முன்பே விசைத்தறிச் சேலையில் கடைக்கு வந்துவிட்டது. இன்னொரு முறை நடந்தால் டிசைன் அறையை மூடிவிடுவேன் என்றார் முதலாளி. மூடினால் எஸ்தருக்கு வேலை இல்லை. நூல் ஸ்டோரில் இருந்த என்னை, எண்ணிக்கை தவறமாட்டேன் என்று இதற்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு கருவி. அதுதான் சட்டம்.

எதிர் டீக்கடை

எங்களுடையது ஏழு. மேனேஜர் வீட்டில் நான்கு. அதில் ஒன்று டிவி. யாருடையது என்றே தெரியாதவை நான்கு. மீதி பதினொன்றும் எதிர் டீக்கடையில். டீ விலைப் பலகையின் அடியில் எங்கள் பாஸ்வேர்டைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தம் போட்டுப் பழக்கமில்லை, அழித்துவிடச் சொன்னேன். கடைக்காரர் சொன்னார்: “டீ குடிக்கிறவங்க சித்த நேரம் போன் பாத்துகினு போறாங்க. உங்க பட்டு எதுனா குறைஞ்சிடுச்சா பெரியவரே? இதுக்கு இன்னா இவ்ளோ பேஜார்?”

ஜரிகையில்

பாஸ்வேர்டை மாற்றினேன். பன்னிரண்டு எழுத்து. ஆளுக்கொரு சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எண்ணினால் பதினைந்து கருவி. ஏழு சீட்டும் அவரவரிடம் பத்திரமாக இருந்தன.

அன்று சேலை கொண்டுவந்த சேவூர் நெசவாளர் ஒருவர், முன்னறைக் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பதும் போனில் தட்டுவதுமாக நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். புதிய சாம்பிள் துணியின் பார்டரில், இரண்டு மாங்காய்களுக்கு நடுவே, என் பன்னிரண்டு எழுத்தும் ஜரிகையில் மின்னின. எஸ்தரிடம் போய்க் கேட்டேன். யாருடைய வேலைக்காகக் காவல் காக்கிறேனோ அவளே சொன்னாள்: “எழுத்து சரியா விழுதான்னு பாக்க ஒரு சாம்பிள் நெய்யச் சொன்னேங்க ஐயா. எதிர்ல உங்க சீட்டுதான் இருந்துச்சு.”

எட்டாவது

துணியை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். இம்முறை எட்டு. எட்டாவது, முதலாளியின் மச்சானுடையது. மச்சானுக்கு விசைத்தறி ஷெட் இருக்கிறது! முதலாளியிடமே போய் நின்றேன். அவர் சொன்னார்: “பாஸ்வேர்டு நான்தாங்க குடுத்தேன். மச்சானை வெளிய நிக்க வெச்சுட்டு, நான் வீட்ல சோறு துன்ன வாணாமா?”

அன்றே எஸ்தரின் கம்ப்யூட்டரை வைஃபையிலிருந்து அறுத்துவிட்டேன். டிசைனைப் பென்டிரைவில் அவளே தறிக்குக் கொண்டுபோகிறாள். அடுத்த பார்டர் எங்கள் தறியிலிருந்துதான் முதலில் இறங்கியது. அவள் வேலை தப்பியது.

வைஃபையில் இப்போது அனுமதி உள்ளவர்கள் ஆறு பேர், கருவிகள் ஏழு, மிச்சம் ஒரு மச்சான்.