முகத்தை வெட்டிட்டு அனுப்புங்க

நாங்க முள்ளிப்பட்டு. வூட்டுலயே தறி. நானும் எங்க வூட்டுக்காரரும் மாத்தி மாத்தி உக்காந்து கல்யாணப் பட்டு நெய்யுறோம். எந்தெந்த ஊரு பொண்ணுங்களோ நான் நெய்ஞ்சதைக் கட்டிகினு மணவறையில உக்காந்தாச்சு. நான் மட்டும் கட்டினதில்ல. எங்க சபையில ஞானஸ்நானம் எடுத்தா கம்மல், வளையல், பூ, பட்டு எல்லாத்தையும் வுட்டுடணும். என் கல்யாணத்துக்கே வெள்ளை நைலக்ஸ் புடவைதான். காது ஓட்டை எப்பவோ தூந்து போச்சு.

அதுக்காக மூலையில உக்காந்து அழுதுகினு இருந்தேன்னு நெனச்சிடாதீங்க. கர்த்தர் மேல ஆசைப்பட்டு வுட்டேன், சந்தோஷமாத்தான் வுட்டேன். ஆனா ஆசையை வுடறது வேற. இதுக்கெல்லாம் உனக்கு யோக்கியதை இல்லன்னு எவனாவது சொல்லி, நான் தலையாட்டறது வேற. அது மட்டும் நம்மகிட்ட நடக்காது.

எனக்கு ஒரே பொண்ணு, பன்னெண்டாவது படிக்கிறா. நெறம் அப்படியே என்னுது. போன வருஷம் அவளும் ஞானஸ்நானம் எடுத்தா. யாரு போட்டோ எடுத்தாலும் கடைசி வரிசைக்குப் போய் ஒருத்தி தோள் பின்னாடி நின்னுப்பா. செவப்பாக்குற க்ரீம் வாங்கி அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தா. சபையிலயே ஒரு அக்கா, "இவ நெறம் கம்மி, ஆண்டவர்தான் ஒரு நல்ல வரன் காட்டணும்"னு அவ தலையில கை வெச்சு ஜெபிச்சாங்க. ஜெபமாம் ஜெபம்! எனக்கு வயிறு எரிஞ்சுது. பொண்ணு கண்ணை மூடிகினு ஆமென் சொன்னா, அதுதான் இன்னும் எரிஞ்சுது.

இப்பல்லாம் புடவையை வெறுமனே மடிச்சு அனுப்பினா பத்தாது. தறியில இருந்து அறுத்ததும் யாராவது கட்டி நின்னு போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பணும், கடைக்காரங்க அதைப் பாத்துதான் எடுக்குறாங்க. எங்களுக்கு பாவு நூலும் சரிகையும் குடுக்குற ஆரணி முதலாளி அன்னிக்கும் போன் பண்ணி, "கொஞ்சம் கலரா இருக்கிற பொண்ணா பாத்து கட்டச் சொல்லுங்கம்மா"ன்னாரு. எப்பவும் பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் நிப்பா, வெள்ளை வெளேர்னு இருப்பா. அன்னிக்கு அவ காலேஜுக்குப் போயிட்டா.

"இன்னாமே பண்றது? அவரு ஜல்தி அனுப்பச் சொல்றாரு"ன்னு எங்க வூட்டுக்காரரு கையைப் பிசைஞ்சிகினு நின்னாரு.

"நான் கட்றேன்"னேன்.

அன்னிக்கு அறுத்த புடவை, கத்திரிப்பூ கலர் உடம்பு, கிளிப்பச்சை கரை. நெய்யும்போது ஒரு முழம்தான் கண்ணு முன்னாடி இருக்கும், மீதியெல்லாம் கட்டையில சுத்திகினே போயிடும். கட்டியிருந்த புடவை மேலயே அதைச் சுத்தி, அழுக்குப் படாம கொசுவம் வெச்சு, பீரோ கண்ணாடி முன்னாடி போய் நின்னேன். பொட்டில்ல, பூவில்ல, காதுல ஒரு துணுக்கு இல்ல. ஆனா கத்திரிப்பூ என் நெறத்து மேல எப்படி ஏறி நின்னுது தெரியுமா! நான் அழகா இருந்தேன். அடக்கமா சொல்லத் தெரியல, அழகாத்தான் இருந்தேன்.

பொண்ணுதான் போட்டோ எடுத்தா. எடுத்துட்டு போனையே பாத்துகினு இருந்தா. "அம்மா, நீயா இது?"ன்னா. "நானும் இந்த மாதிரி இருப்பனாம்மா?"ன்னா. அவ அப்படி ஒரு கேள்வி அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

போட்டோ போச்சு. முதலாளிகிட்ட இருந்து பதில் வந்துது. "புடவை சூப்பர். முகத்தை மட்டும் வெட்டிட்டு அனுப்புங்கம்மா."

அவரு சொன்னது கூட பெருசா வலிக்கல. எம்பொண்ணு பழக்கப்பட்ட வேலை மாதிரி போன்ல வெரலை வெச்சு, வெட்டுற கோட்டை என் கழுத்து வரைக்கும் எறக்கினா பாருங்க, அப்பதான் எனக்கு வெறி வந்துது. "கைய எடுடி!"ன்னு போனைப் பிடுங்கினேன். முகத்தோட வேணும்னா போடுங்க, இல்லன்னா நீங்களே வேற ஆளு வெச்சு எடுத்துக்கோங்கன்னு முதலாளிக்கு வாய்ஸ் போட்டேன். அதே போட்டோவை என் ஸ்டேட்டஸ்ல வெச்சேன். முழு முகம்.

சபைக்காரங்க எல்லாரும் என் நம்பரை வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும்.

மறுநாளே பாஸ்டரம்மா ஸ்கூட்டியில வந்துட்டாங்க. டீ போட்டுக் குடுத்தேன். முதல்ல சுத்தி வளைச்சாங்க. "இன்னா கலர் சிஸ்டர் அது, கத்திரிப்பூவா?"ன்னு கேட்டப்ப குரல் கொஞ்சம் எளகிச்சு. அப்புறம் நிமிந்து உக்காந்துகினாங்க. "வெளி அலங்காரம் வேணாம்னு வேதத்துல இருக்குதே. ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து மன்னிப்பு கேட்டுடுங்க. இல்லன்னா ராப்போஜனத்துல உங்களுக்கு அப்பம் குடுக்க முடியாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

"ஏம்மா, காட்டுப் பூவுக்கே பாத்துப் பாத்து உடுத்தி வுட்டவரு ஆண்டவரு. நான் நெய்ஞ்சதை நான் ஒரு நிமிஷம் மேல போட்டுக்கினா கோவிச்சுக்குவாரா?"

"கட்டினதுகூட இல்ல சிஸ்டர். ஊருக்கே காட்டினீங்க பாருங்க, அது பெருமை."

பொண்ணு கதவோரம் நின்னு கேட்டுகினு இருந்தா. நான் மன்னிப்பு கேட்டா, அந்த போட்டோவுல அவ பாத்த அழகும் பாவம்தான்னு ஆயிடும். பாஸ்டரம்மாகிட்ட, "ஞாயித்துக்கிழமை வரேம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

போனேன். எப்பவும் கட்டுற வெள்ளைப் புடவைதான், எங்கிட்ட பட்டு ஏது? முன்னாடி போய் உக்காந்தேன், பக்கத்துல எம்பொண்ணு. ராப்போஜனத்துக்கு முன்னாடி பாஸ்டர், "ஒரு சகோதரி ஏதோ சொல்லணும்"னு என்னைப் பாத்தாரு. எழுந்தேன்.

"ஆண்டவர் மண்ணை எடுத்துத்தான மனுஷனைப் பண்ணாரு? அந்த மண்ணு இன்னா வெள்ளையா இருந்துது? அவரு கையால பண்ண மூஞ்சி இது. இதை வெட்டிட்டு அனுப்புன்னு ஒருத்தர் சொன்னாரு, நான் வெட்டல. அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

உக்காந்துட்டேன். எங்க வூட்டுக்காரரு ஆம்பளைங்க பக்கத்துல தலையைக் குனிஞ்சிகினாரு. பாஸ்டர் பாட்டு ஆரம்பிச்சாரு. அப்பம் வெச்ச தட்டு வந்துது. என்கிட்ட வந்ததும், தட்டைப் புடிச்சிருந்த அண்ணன் என் முகத்தைப் பாக்காம என்னைத் தாண்டி எம்பொண்ணுகிட்ட நீட்டினாரு. வருவேன் வருவேன்னு இருந்த அழுகையைப் பல்லைக் கடிச்சி நிறுத்தினேன்.

அவ ஒரு துண்டு எடுத்தா. பின்னாடி போய் ஒளியுற எம்பொண்ணு, முதல் வரிசையில, அத்தனை பேரும் பாத்துகினு இருக்க, அதை ரெண்டாப் பிச்சா. ஒரு பாதியை என் உள்ளங்கையில வெச்சு, "சாப்புடும்மா"ன்னா.

வாங்கி வாயில போட்டுகினேன்.