ஏணிக் கைப்பிடியில் பழுப்புக் கறை

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகும் சாலையில், ஊரைத் தாண்டி ஒரு நீச்சல் குளத்தை நானும் என் வீட்டுக்காரரும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

குளத்தில் இறங்க ஒரே ஒரு எவர்சில்வர் ஏணி. போன கோடையில் அதன் கைப்பிடிக் குழாய்களில் டீ சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புக் கறை படிய ஆரம்பித்தது. மகளை நீச்சல் பழகச் சேர்க்க வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தண்ணியும் இப்படித்தான் இருக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானமே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வாங்கிவந்து கை கடுக்கத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. இரண்டாம் நாள் பார்த்தால் குழாய் முழுக்கச் செந்துரு! நின்ற இடத்திலேயே வாயைப் பிளந்துவிட்டேன்.

கேட், கைப்பிடி செய்துதரும் பட்டறைக்காரர் ஒருவரைத் தெரியும். அவருக்குப் போன் போட்டேன்.

"இரும்பு நாரையா போட்டீங்க? அந்தத் தூளு ஒட்டிக்கிட்டுத்தானுங்க துருப்புடிக்குது. லெமன் சால்ட்டைக் கரைச்சு, மெத்துன்னு ஒரு துணியில தொட்டுத் தேய்ங்க. அப்புறம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவிப்போடுங்க."

"எவர்சில்வர் கூடத் துருப்புடிக்குமாங்க?"

"குளோரினுக்கு முன்னாடி எதுங்க நிக்கும்?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை அவர் சொன்னபடியே ஆரம்பித்தேன். குளத்தில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா மட்டும் நடந்துகொண்டிருந்தார். மூட்டு வலிக்குத் தண்ணீருக்குள் நடக்கும்படி டாக்டர் சொன்னதால் தினமும் வருவார். ஏறும்போது இரண்டு கைப்பிடியையும் இறுகப் பற்றி, மொத்த உடம்பையும் அதில் போட்டுத்தான் ஏறுவார்.

மேலே இருந்த கறை சுலபமாகப் போனது. குழாய் தரையில் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு மூடி. அதைத் தூக்கினேன். உள்ளே கறை கறுத்துக் கிடந்தது. துடைக்கத் துடைக்க, தலைமுடி ஒட்டியது போல் குழாயைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பின்பக்கம் துடைக்கலாம் என்று குழாயைப் பிடித்துச் சாய்ந்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். குழாய் என் கையோடு வந்துவிட்டது.

"என்ன சாமி சத்தம்?" என்றபடியே டீச்சரம்மா ஏணிப் பக்கம் வந்துவிட்டார். "போதும், நான் ஏறிக்கறேன்." மறு கைப்பிடியை நோக்கிக் கை நீண்டது.

"தொடாதீங்க!"

அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். கையிலிருந்த குழாயைத் தூக்கிக் காட்டினேன்.

"ஒரு வாரமா ஆடுற மாதிரியே இருந்துச்சு அம்மணி. என் காலுதான் ஆடுதாக்கும்னு விட்டுட்டேன்."

ஆழமில்லாத பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலை இறக்கி, நானும் சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் சம்சாரமும் ஆளுக்கொரு கை பிடித்து அவரைக் கரையேற்றினோம்.

மத்தியானம் பட்டறைக்காரர் வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. மறு குழாயின் மூடியையும் தூக்கிப் பார்த்தார். அதிலும் பாதி வரை விரிசல். "மூடிக்குள்ள தண்ணி நின்னு நின்னே அரிச்சுப்போட்டிருக்குங்க. மேல அழுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சுட்டிருந்தோம்."

குளத்தைப் பூட்டினோம். வேறு உயர்ந்த ரக எவர்சில்வரில் ஏணி போட்டோம். ஆழமில்லாத பக்கம் சிமெண்டுப் படியும் கட்டினோம்.

திறந்த அன்று முதல் ஆளாக டீச்சரம்மாதான் வந்தார். படிப் பக்கம் கையைக் காட்டினேன். "அதெல்லாம் எதுக்கு அம்மணி" என்று புது ஏணிக்கே போய், கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கினார். எனக்குத்தான் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் கால் தரையில் பாவி, "தண்ணி ஜில்லுன்னு இருக்குது" என்று சொல்லும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன்.