நெல் அவிக்கிற அடுப்பு

இலங்கையில் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் வன்னியில் ஸ்கந்தபுரத்துக் காட்டோரத்தில் குடிசை போட்டிருந்த காலம். நான் அங்கே புதிதாக வந்த ஆசிரியை. எல்லாருக்கும் உதவி செய்யத் துடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துடிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தகப்பனோடு வந்திருந்தாள். அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குத் தீ வைத்தபோது அவளுடைய தாய் அவள் கண்முன்னே எரிந்துபோனாள். பிள்ளை யாருடனும் பேசுவதில்லை. நல்ல வீட்டில் நாலு பேரோடு இருந்தால் தேறிவிடுவாள், பெரிய பள்ளிக்கூடத்திலும் படிக்கலாம் என்று தகப்பனிடம் நான்தான் அடித்துப் பேசினேன். முரசுமோட்டையில் வயல்காரர் வீடொன்றில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். "என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். பள்ளிக்கூட நேரம். பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பு நூல். என்னைக் கண்டு வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"அவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு, ரீச்சர். நெல் அவிக்க அடுப்பு மூட்டச் சொன்னால் குளறிக்கொண்டு ஓடுறாள். மந்திரிக்கிறவரைக் கொண்டு பார்வை பாத்து நூல் கட்டினனாங்கள்."

"தாய் நெருப்பிலை செத்ததை உங்களுக்குச் சொன்னனான் எல்லோ?"

"அதைத்தான் சொல்லுறன். தாயின்ரை ஆவிதான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "பள்ளிக்கூடத்திலை சேர்த்தனீங்களோ?"

"உந்தப் பிள்ளையளுக்குப் படிப்பென்னத்துக்கு? சோறு குடுக்கிறம், உடுப்புக் குடுக்கிறம்."

உந்தப் பிள்ளைகளாம்! அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் அந்த நேரம் வகுப்பில் இருந்தன. தாயைப் பறிகொடுத்தவளை வேலைக்காரியாக்கி, நெருப்பு முன்னே பிடித்துத் தள்ளி, அவள் அலறினால் அதற்குப் பேய் என்று பெயர். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பிள்ளையின் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியேறினேன்.

பஸ்ஸுக்கு நின்றபோதும் என் வாய் ஓயவில்லை. என்னுடைய அறையிலேயே தங்கலாம், கிளிநொச்சியில் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்கள் நல்லவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தலையைக் குனிந்து நின்ற விதம்தான் என்னை நிறுத்தியது. இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு எங்கை இருக்க விருப்பம்?"

"அப்பாகிட்ட, டீச்சர். உங்க ஸ்கூலுக்கு அங்கருந்து நடந்தே வந்துருவேன்."

பிறகு மெல்லச் சொன்னாள்: "அங்க அடுப்ப அப்பாவே பத்த வப்பாரு. என்னைய கிட்டக்கூட விடமாட்டாரு."